ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் நிற்காத பேதி: சி. டிஃப் தொற்றை வரிசையாகக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் பலருக்கு வயிறு கொஞ்சம் கலங்கும். மருந்து நின்றதும் அதுவும் தானாகவே அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் அடங்குவதில்லை. நாளுக்கு நாள் மோசமாகிறது. அந்தச் சிலரில் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், சுருக்கமாக சி. டிஃப், என்ற பாக்டீரியா காரணமாக இருக்கலாம்.

இந்த வழிகாட்டி நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும். எந்த மருந்து என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆனால் அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும், வீட்டில் எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரிந்தால் அலைச்சல் பெருமளவு குறையும். இந்த நோயாளிகளின் வீட்டாருடன் வேலை செய்ததில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, சரியான காரியத்தைத் தவறான நேரத்தில் செய்வதைத்தான். பரிசோதனைக்கு முன்பே மருந்து தொடங்குவது, நோய் தணிந்த பிறகு மறுபடி பரிசோதனைக்கு ஓடுவது, கிருமி அடங்கும் முன்பே நல்ல பாக்டீரியா மாத்திரை தேடுவது. அதனால் கீழே உள்ள வரிசையைக் கலைக்காமல் படியுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

முதலில் மருந்துப் பட்டியல். கடந்த 3 மாதங்களில் சாப்பிட்ட, ஊசியாகப் போட்ட எல்லா ஆன்டிபயாட்டிக்குகளையும் தேதியோடு எழுதுங்கள். மருந்து எடுக்கும்போதும் அது முடிந்த முதல் மாதத்திலும்தான் ஆபத்து அதிகம். ஆனால் சுமார் 3 மாதம் வரை அது நீடிக்கிறது. பலர் விட்டுவிடுவது பல் சிகிச்சைக்கு எடுத்த மாத்திரையையும், அறுவை சிகிச்சைக்கு முன் போட்ட ஒற்றை ஊசியையும்தான்.

அதே தாளில் அமிலம் குறைக்கும் மாத்திரை, மலமிளக்கி, பேதி நிறுத்தும் மாத்திரை, வலிக்கான ஓபியாய்டு (அபின் வகை) மருந்து ஆகியவற்றையும் சேருங்கள். ஏன் என்பது கீழே வரும்.

அடுத்தது மலக் குறிப்பு. ஒவ்வொரு முறை போகும்போதும் நேரம், தண்ணீராகவா கூழாகவா, ரத்தம் இருந்ததா என்று ஒரு வரி. “ரொம்பப் போகிறது” என்று சொல்வதைவிட “நேற்று காலை முதல் இன்று காலை வரை 7 முறை, எல்லாம் தண்ணீர்” என்று சொன்னால் மருத்துவரால் உடனே முடிவெடுக்க முடியும்.

வீட்டில் வேண்டியவை: ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், கைகழுவும் சோப்பு, குளோரின் ப்ளீச், கையுறை, நோயாளிக்கெனத் தனித் துண்டு. முன்பு சி. டிஃப் வந்திருந்தால் அந்தத் தேதிகளும் எடுத்த மருந்தின் பெயரும் அவசியம். இது முதல் தடவையா, மறுதடவையா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும்.

2. குடலுக்குள் என்ன நடந்திருக்கிறது

இதைத் தாண்டிப் போகத் தோன்றும். போகாதீர்கள், பின்னால் வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது.

ஒரு மனித உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் வந்த ஒரு கணக்கீடு சொல்கிறது. அவற்றில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் வாழ்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமி அங்கே காலூன்ற முடியாதபடி அவை பல வழிகளில் தடுக்கின்றன. உணவையும் இடத்தையும் தாமே எடுத்துக்கொள்கின்றன. அயலாரைக் கொல்லும் சில பொருட்களைச் சுரக்கின்றன. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து, குடல் சுவரின் செல்களுக்கு எரிபொருளாகும் ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. அந்தச் செல்கள் ப்யூட்டிரேட்டை எரிக்கும்போது ஆக்சிஜனைச் செலவழித்துவிடுவதால் குடலின் உட்புறம் ஆக்சிஜன் இல்லாமலே இருக்கிறது. சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் பெருகுவதற்கு அதுவும் ஒரு தடை.

சி. டிஃப் விஷயத்தில் முக்கியமானது பித்த அமிலம். கல்லீரல் தரும் முதல்நிலைப் பித்த அமிலங்களைச் சில குடல் பாக்டீரியாக்கள் இரண்டாம்நிலைப் பித்த அமிலங்களாக மாற்றுகின்றன. இந்த வேலையைச் செய்யக்கூடிய இனங்கள் சிலவே. க்ளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் அவற்றில் ஒன்று. சி. டிஃப் கிருமி, ஸ்போர் என்ற உறங்குநிலையில் கெட்டியான உறைக்குள் குடலை வந்தடைகிறது. முதல்நிலைப் பித்த அமிலம் அதை முளைக்கத் தூண்டும். இரண்டாம்நிலைப் பித்த அமிலமோ முளைத்ததை வளரவிடாது. ஆன்டிபயாட்டிக் அந்த மாற்றும் பாக்டீரியாக்களை அழித்துவிட்டால் தூண்டுதல் மிஞ்சுகிறது, தடை போய்விடுகிறது. முளைத்த கிருமி ஏ, பி என்ற இரண்டு நச்சுகளைச் சுரந்து குடல் சுவரைப் புண்ணாக்குகிறது. நீங்கள் காணும் பேதி அந்த நச்சுகளின் வேலை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சி. டிஃப்புக்குத் தரும் மருந்து வளரும் கிருமியைக் கொல்லும், ஸ்போரைக் கொல்லாது. எனவே மருந்து முடிந்த அன்று குடலில் ஸ்போர் மிச்சமிருக்கும், காவலாக இருந்த பாக்டீரியாக்கள் இன்னும் திரும்பியிருக்காது. நோய் மறுபடி வருவது இந்த இடைவெளியில்தான்.

3. வேறு எதற்கும் முன்: ஆபத்து அறிகுறிகளைப் பாருங்கள்

பரிசோதனை, மருந்து, சுத்தம் எல்லாம் அப்புறம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே, அப்போதே மருத்துவமனை போக வேண்டும்:

- தாங்க முடியாத வயிற்று வலி, அல்லது வயிறு உப்பிக் கல் போல ஆவது
- 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல்
- மலத்தில் ரத்தம்
- எழுந்தால் மயக்கம், பல மணிநேரம் சிறுநீரே வராதது, பேச்சில் குழப்பம்

வீட்டார் அடிக்கடி ஏமாறுவது இந்த இடத்தில்: பேதி திடீரென நின்றுவிடுகிறது, எல்லோரும் நிம்மதியாகிறார்கள். ஆனால் வயிறு உப்பிக்கொண்டே போகிறது, நோயாளி சோர்ந்துபோகிறார். குடல் இயக்கமே நின்றுபோனதால் பேதி நின்றிருக்கலாம். இந்த நோயின் மிக ஆபத்தான கட்டம் இது. அறுவை சிகிச்சை வரை போகும். பேதி நிற்பதோடு வயிறு இளகி, பசியும் தெம்பும் திரும்பினால்தான் அது குணம்.

முதியவர்கள், சிறுநீரக நோயாளிகள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோரை இதைவிட லேசான அறிகுறியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் நோய் முற்றலாம்.

4. மருந்துக்கு முன் மலப் பரிசோதனை

24 மணிநேரத்தில் 3 முறை அல்லது அதற்கு மேல் உருவமில்லாத மலம், அதற்கு வேறு தெளிவான காரணம் இல்லை: இதுதான் பரிசோதனை செய்ய வேண்டிய நிலை. கட்டியாகப் போகும் மலத்தைச் சோதிப்பதில் பயனில்லை. நோயே இல்லாமல் இந்தக் கிருமியைக் குடலில் சுமப்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் ‘பாசிட்டிவ்’ வரும், தேவையில்லாத மருந்து தொடங்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நோயின்றிச் சுமப்பது மிகச் சாதாரணம் என்பதால் அவர்களுக்கு வழக்கமாக இந்தச் சோதனை செய்வதில்லை.

கடந்த 48 மணிநேரத்தில் மலமிளக்கி எடுத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மாதிரியை உடனே ஆய்வகத்தில் சேருங்கள். நச்சு அறை வெப்பநிலையில் சீக்கிரம் சிதைந்துவிடும். தாமதமானால் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெயிலில் அரைநாள் கிடந்த மாதிரி ‘நெகட்டிவ்’ என்று வந்தால் அதை நம்ப முடியாது.

முடிவைப் படிக்கும்போது எந்தச் சோதனை என்று பாருங்கள். பி.சி.ஆர். சோதனை நச்சை உருவாக்கும் மரபணு இருக்கிறதா என்று பார்க்கிறது. நச்சு இப்போது சுரக்கிறதா என்பதை அது சொல்லாது. நச்சுச் சோதனை நச்சையே தேடுகிறது, ஆனால் குறைந்த அளவைத் தவறவிடலாம். அதனால்தான் பல ஆய்வகங்கள் இரண்டு படியாகச் சோதிக்கின்றன. பி.சி.ஆர். மட்டும் பாசிட்டிவ், நச்சு நெகட்டிவ் என்றால் அறிகுறிகளை வைத்து மருத்துவர் எடைபோட வேண்டும்.

மற்ற கிருமிகளையும் சேர்த்துத் தேடச் சொல்வது நல்லது, குறிப்பாக ரத்தம் கலந்து போனால். ஷிகா என்ற நச்சைச் சுரக்கும் ஈ. கோலை பாக்டீரியாவின் தொற்றாக இருந்தால் ஆன்டிபயாட்டிக் சிறுநீரகப் பாதிப்பின் ஆபத்தைக் கூட்டக்கூடும். சாதாரண சால்மோனெல்லா பேதியில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கிருமி மலத்தில் வெளியேறும் காலம் நீளலாம். “எதற்கும் இருக்கட்டும்” என்று வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையை விழுங்குவது எவ்வளவு கெடுதல் என்பது இப்போது புரியும்.

கூடவே ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 15,000 அல்லது அதற்கு மேல், அல்லது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் இருந்தால் நோய் தீவிரம் என்று கணக்கு. மருத்துவமனையில் சேர்ப்பதா என்பதை இவை பெரிதும் தீர்மானிக்கும்.

5. நோயைத் தூண்டிய ஆன்டிபயாட்டிக்கை என்ன செய்வது

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டிபயாட்டிக் தொடரும்வரை குடல் பாக்டீரியாக்கள் அழிந்துகொண்டே இருக்கும். எனவே நிறுத்த முடிந்தால் நிறுத்துவதே சிகிச்சையின் முதல் பகுதி. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்புத் தொற்று, இதய வால்வுத் தொற்று போன்றவற்றில் நடுவில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

அந்த மருந்தை எழுதியவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இன்னும் இது தேவையா? நாட்களைக் குறைக்க முடியுமா? குடலை இதைவிடக் குறைவாகப் பாதிக்கும் வேறு மருந்து உண்டா? க்ளிண்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை, மூன்றாம் நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், கார்பபெனெம்கள் ஆகியவற்றில் ஆபத்து அதிகம். டாக்சிசைக்ளின் போன்றவற்றில் குறைவு.

அமிலம் குறைக்கும் மாத்திரைகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம் மறந்தே போய் வருடக்கணக்கில் அதை விழுங்குபவர்கள் நிறைய. தேவை இருக்கிறதா என்று இந்தச் சமயத்தில் கேட்டுவிடுங்கள். ரத்தக்கசிவுள்ள புண்ணுக்காக எடுப்பவர் தொடரத்தான் வேண்டும்.

6. தண்ணீரும் உப்பும்

பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாத சிகிச்சை இது. உலகச் சுகாதார அமைப்பின் ஓ.ஆர்.எஸ். கலவையில் சோடியமும் குளுக்கோஸும் அளவோடு இருக்கின்றன. சிறுகுடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் சேர்த்து இழுக்கிறது, தண்ணீர் பின்தொடர்கிறது. பேதியில்கூட இந்த வழி பெரும்பாலும் கெடாமல் இருக்கும்.

ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது நான் அதிகம் பார்க்கும் பிழை. கெட்டியான கரைசல் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். பாக்கெட்டின் மேல் எழுதியுள்ள அளவுத் தண்ணீரை முதலில் அளந்துகொண்டு, அப்புறம் பாக்கெட்டைப் பிரியுங்கள். பாக்கெட் கிடைக்காதபோது ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வாந்தி இருந்தால் ஒரேயடியாகக் குடிக்காமல் சிறு மடக்குகளாக.

லோபரமைடு போன்ற பேதி நிறுத்தும் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் எடுக்காதீர்கள். நச்சு உள்ளேயே தங்கும், மூன்றாம் படியில் சொன்ன குடல் முடக்கம் தெரியாமல் மறையும். ஓபியாய்டு வலி மருந்துக்கும் இதே எச்சரிக்கை.

7. கிருமிக்கான மருந்து

இன்று முதல் தேர்வாகச் சொல்லப்படுவது ஃபிடாக்சோமைசின்: 200 மி.கி., ஒரு நாளைக்கு 2 வேளை, 10 நாள். அது கிடைக்காவிட்டால் அல்லது கட்டுப்படியாகாவிட்டால் வாய்வழி வான்கோமைசின்: 125 மி.கி., 4 வேளை, 10 நாள். இரண்டுமே நோயை ஏறத்தாழ ஒரே அளவுக்கு அடக்குகின்றன. வேறுபாடு பின்னால் தெரிகிறது. 2011-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் ஃபிடாக்சோமைசின் எடுத்தவர்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கும், வான்கோமைசின் எடுத்தவர்களில் சுமார் 25 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. ஃபிடாக்சோமைசின் மற்ற குடல் பாக்டீரியாக்களை அதிகம் தொடாமல் சி. டிஃப்பைத் தாக்குவதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

மெட்ரோனிடசோல் மாத்திரை முன்பு எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது. இப்போது மேற்சொன்ன இரண்டும் கிடைக்காதபோது, நோய் தீவிரமில்லாதவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. பழைய சீட்டைக் காட்டி அதையே கேட்டு வாங்காதீர்கள்.

வான்கோமைசினில் ஒரு குழப்பம் வரும். ரத்தக்குழாய் வழியாகப் போட்டால் அது பெருங்குடலுக்குள் போதிய அளவு வந்து சேராது. வாயால் எடுத்தால் ரத்தத்தில் ஏறாமல் குடலிலேயே தங்கி வேலை செய்யும். இந்த நோய்க்கு வேண்டியது இரண்டாவது. வாய்வழி மாத்திரை கிடைக்காத இடத்தில் ஊசிக்கான மருந்தையே கரைத்துக் குடிக்கக் கொடுப்பதுண்டு. அதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது சரியான முறைதான். நோய் உச்சத்துக்குப் போனவர்களுக்கு வாய்வழி வான்கோமைசினைக் கூடுதல் அளவில் கொடுத்து, மெட்ரோனிடசோலை ரத்தக்குழாய் வழியாகச் சேர்ப்பார்கள். அது மருத்துவமனைக்குள் நடக்க வேண்டியது.

பெரும்பாலோருக்கு 3 முதல் 5 நாளில் முன்னேற்றம் தெரியும். முதல் நாளே நிற்கவில்லை என்று மருந்தை மாற்றச் சொல்லாதீர்கள். ஐந்தாம் நாளும் அசைவே இல்லை என்றால் சொல்லாமல் இருக்காதீர்கள். நான்கு வேளை மருந்தில் தவறுவது இரவு வேளைதான். அலாரம் வையுங்கள். பேதி நின்றுவிட்டது என்று ஆறாம் நாளில் விட்டுவிடக் கூடாது.

8. வீட்டில் ஸ்போரை ஒழிப்பது

மருந்து தொடங்கிய அன்றே இதுவும் தொடங்க வேண்டும், ஏனெனில் பேதி இருக்கும்போதுதான் ஸ்போர் ஏராளமாகப் பரவுகிறது.

கைக்கு ஆல்கஹால் சானிடைசர் போதாது. ஸ்போரின் உறையை ஆல்கஹால் துளைப்பதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். ஸ்போரைக் கொல்வதைவிட, தேய்த்துக் கழுவி அகற்றுவதுதான் இங்கே நடக்கிறது. கழிப்பறை சென்ற பின்னும், சாப்பிடும் முன்னும், கையுறையைக் கழற்றிய பின்னும் கழுவுங்கள்.

கழிப்பறை, குழாய்ப்பிடி, கதவுப்பிடி, சுவிட்ச் ஆகியவற்றை முதலில் சோப்பால் துடைத்துவிட்டு, பின் ஒரு பங்கு வீட்டு ப்ளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்த கரைசலால் நனைத்து 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே வீணாகும் என்பதால் முதலில் சோப்பு. கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். ப்ளீச்சோடு அமிலமோ அம்மோனியா உள்ள கழுவியோ ஒருபோதும் கலக்காதீர்கள். வரும் வாயு நுரையீரலைக் கருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

முடிந்தால் பேதி நின்று 48 மணிநேரம் ஆகும்வரை தனிக் கழிப்பறை. துணிகளை உதறாமல் எடுத்து, தாங்கும் அளவு சூடான நீரில் தனியாகத் துவையுங்கள். அதற்காக நோயாளியைத் தொடவே பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான, ஆன்டிபயாட்டிக் எடுக்காத வீட்டாருக்கு அவர்களுடைய குடல் பாக்டீரியாக்களே நல்ல காவல்.

9. மருந்து முடிந்தபின் 8 வாரம்

இந்தக் காலத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை, அதனால்தான் அதிகம் வலியுறுத்துகிறேன். முதல் தடவைக்குப் பிறகு ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது. ஒருமுறை திரும்பியவருக்கு மீண்டும் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம். பெரும்பாலும் முதல் 8 வாரத்துக்குள் நடந்துவிடும்.

குணமான பிறகு “கிருமி போய்விட்டதா” என்று மறுபரிசோதனை செய்யாதீர்கள். நலமானவர்களிலும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் வரலாம். அந்தத் தாளைப் பார்த்து மீண்டும் மருந்து தொடங்கினால், திரும்பி வந்துகொண்டிருக்கும் பாக்டீரியாக்கள் மறுபடி அழியும்.

செய்ய வேண்டியது, மலக் குறிப்பை 8 வாரமும் தொடர்வது. மீண்டும் ஒரு நாளைக்கு 3 முறை அல்லது அதற்கு மேல் தண்ணீராகப் போனால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். ஆனால் எல்லாப் பேதியும் திரும்பிய தொற்று அல்ல. குடல் தொற்றுக்குப் பின் பலருக்கு மாதக்கணக்கில் குடல் எரிச்சல் நிலை நீடிக்கும்: சாப்பிட்டதும் போக வேண்டும், வயிறு பிசையும், மலச்சிக்கலும் இளக்கமும் மாறி மாறி வரும். இரவில் எழுப்பாத, காய்ச்சல் இல்லாத, எடை குறையாத பேதி பெரும்பாலும் இந்த வகை. இதற்கு சி. டிஃப் மருந்து தேவையில்லை.

உண்மையிலேயே திரும்பினால் முன்பு எடுத்த அதே மருந்தை அதே முறையில் பெரும்பாலும் கொடுப்பதில்லை. ஃபிடாக்சோமைசினை 5 நாள் இரு வேளையும், பின் 20 நாள் ஒன்றுவிட்டு ஒரு நாளுமாக நீட்டுவது ஒரு வழி. வான்கோமைசினைப் படிப்படியாகக் குறைத்து வாரக்கணக்கில் கொடுப்பது இன்னொன்று. இடைவெளி விட்டுக் கொடுக்கும்போது முளைக்கும் ஸ்போர்கள் அடிபடும், நல்ல பாக்டீரியாக்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். நோய் திரும்பாமல் தடுக்கக் கொடுத்துவந்த பெஸ்லோடாக்சுமாப் என்ற ஊசி பற்றிப் பழைய குறிப்புகளில் படிக்க நேரலாம். 2025 தொடக்கத்தில் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது.

10. பாக்டீரியாக்களைத் திருப்பிக் கொடுக்கும் சிகிச்சை

திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு இதுதான் நிலைமையை மாற்றுகிறது. ஆரோக்கியமான கொடையாளரின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்க் கூட்டத்தை நோயாளியின் குடலில் சேர்ப்பதை மல நுண்ணுயிர் மாற்றுச் சிகிச்சை என்பார்கள். 2013-இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், ஒரே முறை செலுத்தியதில் 16 பேரில் 13 பேர் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேரில் 4 பேரே. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பித்த அமிலத்தை மாற்றும் இனங்கள் திரும்பி வருவதே இது பலிப்பதற்கான முக்கிய விளக்கம்.

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை நோய் வந்தவர்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 2022 நவம்பரில் ரிபையோட்டா என்ற ஆசனவாய் வழி மருந்துக்கும், 2023 ஏப்ரலில் வவ்ஸ்ட் என்ற வாய்வழி மாத்திரைக்கும் அனுமதி கிடைத்தது. வவ்ஸ்ட்டில் இருப்பவை நன்மை செய்யும் பாக்டீரியாக்களின் ஸ்போர்கள். நாளுக்கு 4 வீதம் 3 நாள். அதன் ஆய்வில் 8 வாரத்துக்குள் நோய் திரும்பியவர்கள் 12 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 40 சதவீதம். இவை இரண்டும் 18 வயது நிறைந்தவர்களுக்கு.

வரிசை இங்கே மிக முக்கியம். முதலில் ஆன்டிபயாட்டிக்கால் நோயை அடக்க வேண்டும். அது முடிந்து ஒன்று முதல் நான்கு நாள் இடைவெளி விட வேண்டும். மருந்து குடலில் மிச்சமிருந்தால் புதிதாக வரும் பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். ரிபையோட்டாவுக்கு 24 முதல் 72 மணிநேரம், வவ்ஸ்ட்டுக்கு 2 முதல் 4 நாள். வவ்ஸ்ட் மாத்திரைக்கு முன்தினம் மலமிளக்கி கொடுத்து மீதி மருந்தை வெளியேற்றுவார்கள். இடைவெளி அதிகமானாலும் சி. டிஃப் ஸ்போர் முந்திக்கொள்ளும். எனவே கடைசி ஆன்டிபயாட்டிக் மாத்திரைத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அதற்கு முன்பே சிகிச்சை நாளை உறுதி செய்யுங்கள். பிறகு வேறு காரணத்துக்காக ஆன்டிபயாட்டிக் எழுதப்பட்டால், தொடங்கும் முன் இந்தச் சிகிச்சை அளித்தவரிடம் பேசுங்கள்.

வீட்டில் யாரிடமாவது வாங்கி நீங்களே செய்துகொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 2019-இல் அமெரிக்காவில், சரியாகச் சோதிக்கப்படாத கொடையாளர் மலத்திலிருந்து மருந்துக்குக் கட்டுப்படாத ஈ. கோலை இரண்டு நோயாளிகளுக்குத் தொற்றி, ஒருவர் இறந்தார். முறையான மையங்கள் கொடையாளரின் ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை வைரஸ்கள், சிஃபிலிஸ் ஆகியவற்றையும், மலத்தில் நோய்க்கிருமிகள், ஒட்டுண்ணிகள், மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் ஆகியவற்றையும் தேடுகின்றன. நெருங்கிய உறவினர், பார்க்க ஆரோக்கியமானவர் என்பதால் இவற்றில் எதுவும் இல்லை என்று ஆகிவிடாது.

11. ப்ரோபயாட்டிக்கும் சாப்பாடும்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் வேண்டுமென்றே கடைசிப் பக்கம் தள்ளியிருக்கிறேன். சி. டிஃப் நோயைக் குணப்படுத்த ப்ரோபயாட்டிக்கை, அதாவது நல்ல பாக்டீரியா மாத்திரையை, பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை. ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து எடுத்தால் தடுக்குமா என்பதில் வழிகாட்டு அமைப்புகளே வேறுபடுகின்றன. சில குறிப்பிட்ட வகைகளுக்கு மட்டும் ஓரளவு ஆதரவு உண்டு. 2018-இல் இஸ்ரேலில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் ப்ரோபயாட்டிக் எடுத்தவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் திரும்ப, எதுவும் எடுக்காதவர்களைவிட அதிக நாள் பிடித்தது. நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும், பெரிய ரத்தநாளத்தில் குழாய் பொருத்தப்பட்டவர்களும் சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட் வகையைத் தொடவே கூடாது. அது ரத்தத்தில் பரவிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

குடல் நுண்ணுயிர்ப் பட்டியல் தரும் வணிகப் பரிசோதனைகளுக்கும் பணம் செலவழிக்க வேண்டாம். அந்த அறிக்கையை வைத்து சிகிச்சையை மாற்ற மருத்துவருக்கு இன்று வழியில்லை.

சாப்பாட்டில், பேதி கடுமையாக இருக்கும் நாட்களில் எளிதில் செரிக்கும், நார் குறைந்த உணவு. பட்டினி வேண்டாம். மலம் உருவாகத் தொடங்கிய பிறகு நார்ச்சத்தைச் சிறுகச் சிறுக, சில வாரங்களில் கூட்டுங்கள்: பயறு, முழுதானியம், காய், பழம் என்று வகைவகையாக. ப்யூட்டிரேட் தரும் பாக்டீரியாக்களுக்கு இரை நார்தான். ஒரே நாளில் கூட்டினால் வாயுவும் வலியும் வந்து, நோய் திரும்பிவிட்டதோ என்ற பயத்தில் மீண்டும் பரிசோதனைக்கு ஓடுவீர்கள்.

பொறுமையும் வேண்டும். ஆரோக்கியமான 12 பேருக்கு 4 நாள் மட்டும் வலுவான ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், குடல் நுண்ணுயிர்கள் ஏறத்தாழப் பழைய நிலைக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. சில இனங்கள் 6 மாதமாகியும் பெரும்பாலோரிடம் தென்படவில்லை.

12. அடுத்த முறை ஆன்டிபயாட்டிக் எழுதும்போது

மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் “சி. டிஃப் வந்தது” என்று தேதியோடு எழுதி வையுங்கள். பல் மருத்துவர் உட்பட யார் மருந்து எழுதினாலும் முதலில் அதைக் காட்டுங்கள். சளி, சாதாரண இருமல் போன்ற வைரஸ் தொற்றுகளுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது, கேட்டு வாங்காதீர்கள்.

கட்டாயம் தேவைப்பட்டால், ஐந்தாம் படியின் கேள்விகளையே மருந்து தொடங்கும் முன்பே கேளுங்கள். பலமுறை நோய் வந்தவர்களுக்கு அந்த நாட்களில் குறைந்த அளவு வாய்வழி வான்கோமைசினைக் காப்பாகச் சேர்ப்பதைச் சில மருத்துவர்கள் பரிசீலிப்பார்கள். உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். மருந்து தொடங்கும் நாளிலேயே மலக் குறிப்பையும் தொடங்கி, மருந்து முடிந்து 3 மாதம் வரை வைத்திருங்கள். 24 மணிநேரத்தில் மூன்றாவது முறை தண்ணீராகப் போனால் அன்றே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள்.